கிங்கா மலை உச்சியின் சிமென்ட் கோட்டை

ஜப்பானில் கோட்டை பார்க்கக் கிளம்புகிறவர்களின் கையில் எப்போதும் ஒரு தரவரிசை இருக்கும். கோட்டையின் நடுவே அடுக்கடுக்காக எழும் கோபுரத்துக்கு ஜப்பானியில் தென்ஷு என்று பெயர். அந்தக் காலத்தில் கட்டிய தென்ஷுக்களில் இன்றும் நிற்பவை நாடு முழுவதும் 12 மட்டுமே. ஹிமேஜி, மட்சுமோட்டோ, ஹிகோனே, இனுயாமா எல்லாம் அந்த வரிசையில் வரும். அவற்றுக்கு அடுத்தபடி, மரத்திலேயே திரும்பக் கட்டியவை: 1994ல் ககெகாவா, 2004ல் ஓசு. கடைசி வரிசை, இருபதாம் நூற்றாண்டில் கான்கிரீட்டில் எழுப்பியவை. நகோயாவுக்கு அருகே கிங்கா மலை மேல் நிற்கும் கிஃபு கோட்டை இந்தக் கடைசி வரிசையைச் சேர்ந்தது. அதனால் "அது சிமென்ட் கோட்டை, அதற்காகவா மலையேறுவது, பக்கத்தில் இனுயாமாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்" என்ற அறிவுரை, நகோயாவுக்குப் போகிற எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. இனுயாமாவைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த அறிவுரையின் மற்ற பாதி எனக்கு ஒருநாளும் செரித்ததில்லை.

கோபுரம் 1956ல் கட்டியது என்பது உண்மை. உள்ளே கான்கிரீட் படிக்கட்டும் கண்ணாடிப் பெட்டிகளும் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தக் கோபுரம் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் மலையுச்சியில் ஒரு கையளவு. 2011ல் 'கிஃபு கோட்டைத் தலம்' என்று ஜப்பானிய அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்த நிலப்பரப்பு ஏறக்குறைய 209 ஹெக்டேர். அதாவது 329 மீட்டர் உயரமுள்ள கிங்கா மலை கிட்டத்தட்ட முழுவதுமாக அதில் அடங்குகிறது. கோட்டை என்று சட்டம் எதைச் சொல்கிறதோ, அதன் பாறையும் வழிகளும் மதில்கற்களும் குடைந்த கிணறுகளும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. உச்சிக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவர் கோட்டையின் மீது நடந்துகொண்டே கோட்டையைப் பார்க்காமல் வந்திருக்கிறார்.

நகல் எடுத்த வரலாறு

இந்த மலையில் 1201லேயே நிகாய்தோ குலத்தார் ஒரு காவல் அரண் கட்டினார்கள் என்பது மரபுச் செய்தி. பதினாறாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட சைதோ தோசான் கையில்தான் அது பெருங்கோட்டையானது. அப்போது அதன் பெயர் இனபாயாமா. 1567ல் போர்த்தலைவர் ஓதா நொபுனாகா அதைப் பிடித்து, அடிவாரத்து ஊரின் பெயரை கிஃபு என்று மாற்றினார். சீனத்தின் ச்சோ அரசர்கள் எழுந்த ச்சி மலையிலிருந்து ஓர் எழுத்து, கன்பூசியஸ் பிறந்த ச்சூஃபூவிலிருந்து ஓர் எழுத்து. நாட்டையே ஆள நினைத்தவர் தன் ஊருக்கு இட்ட பெயர் அது. 'ஆயுத வலிமையால் நாடு முழுதும்' என்ற பொருள்பட 'தென்கா ஃபுபு' என்று முத்திரை குத்தத் தொடங்கியதும் இங்கிருந்துதான். 1576ல் அவர் அசுச்சியில் புதுக்கோட்டை கட்டிப் போய்விட்டார், கோட்டை மகன் நொபுததாவிடம் வந்தது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். கோபுரத்துக்கு என்ன ஆனது என்பதைத்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1601ல், முந்தைய ஆண்டு செகிகஹாரா போரில் வென்று நாட்டைத் தன் கையில் கொண்டுவந்த தொகுகாவா இயேயாசு இந்த மலைக்கோட்டையை ஒழித்துவிட்டு, தெற்கே சமவெளியில் கானோ என்ற இடத்தில் புதுக்கோட்டை கட்டச் சொன்னார். மலை மேலிருந்த கற்களையும் கட்டடங்களையும் கீழே இறக்கினார்கள். உச்சியிலிருந்த தென்ஷுவையே பிரித்துக் கொண்டுபோய் கானோவில் மூன்றடுக்கு மாடமாக நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். அந்த மாடம் 1728ல் இடி விழுந்து எரிந்துபோனது. அதற்குள் 127 ஆண்டுகளாக மலையுச்சி மொட்டையாகவே கிடந்தது. அதற்குப் பின்னும் அப்படியேதான்.

1910ல் கிஃபு மக்கள் சங்கம் சேர்த்து உச்சியில் ஒரு கோபுரத்தை எழுப்பினார்கள். மரத்தால் ஆனது, மூன்றடுக்கு, மேலே தகரக் கூரை. மரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த விவரம்: அடிவாரத்தில் ஓடும் நாகரா ஆற்றின் பழைய பாலத்தைப் பிரித்த மரம் அது. வரலாற்று ஆதாரம் எதையும் பின்பற்றிக் கட்டியதல்ல. ஊருக்கு மேலே ஏதாவது ஒன்று நிற்கட்டும் என்ற ஆசையில் கட்டியது. 1943ல் தீப்பிடித்து எரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1945 ஜூலையில், அமெரிக்க விமானங்கள் குண்டு வீசிக் கீழே நகரத்தையும் எரித்தன.

எரிந்த நகரம் திரும்ப எழுந்துகொண்டிருந்த காலத்தில், பொதுமக்கள் நன்கொடையோடு 1956ல் வந்ததுதான் இன்றைய கோபுரம். உயரம் 17.7 மீட்டர், வெளியே மூன்று கூரையடுக்கு, உள்ளே நான்கு தளம். ஏன் கான்கிரீட் என்று கேட்பவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள். 1950ல் வந்த கட்டடச் சட்டப்படி 13 மீட்டருக்கு மேல் மரத்தில் கட்ட முடியாது. தவிர, முன்பு நின்ற மரக்கோபுரம் எரிந்து பதின்மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. திரும்பவும் மரத்தில் கட்ட யாருக்கு மனம் வரும்? வடிவமைத்தவர் கட்டடக்கலைப் பேராசிரியர் கிதோ ஹிசாஷி. கிஃபு தென்ஷுவின் படம் எதுவும் இல்லாததால், கானோ மாடத்தின் வரைபடத்தையும் பழமையான மருஓகா கோபுரத்தையும் ஆதாரமாகக் கொண்டார். இங்கிருந்து இறங்கிப்போனதாகச் சொல்லும் மாடத்தின் வரைபடம், 355 ஆண்டு கழித்து அதே உச்சிக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதை வெறும் போலி என்று தள்ள என்னால் முடியவில்லை. இதே மாகாணத்தின் குஜோ ஹச்சிமான் கோட்டையும் 1933ல் கட்டியதுதான். ஆனால் மரத்தில் கட்டியதால் அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. அதன் முன்மாதிரி அதன் சொந்தக் கோபுரமே அல்ல, ஓகாகி கோட்டையின் கோபுரம். 'அசல்' என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாக மரத்துக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

கான்கிரீட்டுக்கும் வயதாகும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்க இறங்க, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை குறையும். கம்பி துருப்பிடித்து உப்பினால் மேற்பூச்சு பிளக்கும். நகோயாவில் 1959ல் கட்டிய கான்கிரீட் தென்ஷு நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2018ல் மூடப்பட்டது. கிஃபு கோபுரத்துக்கு 1997ல் பெரிய சீரமைப்பு நடந்தது. இந்தத் தலைமுறைக் கோபுரங்களை என்ன செய்வது என்பது ஜப்பான் முழுக்க இருக்கும் கேள்வி.

ஒரே நாளில் விழுந்த மலை

கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் எவரும் இந்தக் கோட்டையை யாராலும் பிடித்திருக்க முடியாது என்றுதான் நினைப்பார்கள். நாகரா ஆறு வடக்கே அகழியாகச் சுற்றுகிறது. மலை சமவெளியிலிருந்து நேராக எழுகிறது. ஆனால் வரலாறு நேரெதிர். 1564ல் தகெனாகா ஹன்பெய் ஒரு சிறு கூட்டத்தோடு உள்ளே நுழைந்து தன் சொந்தத் தலைவனிடமிருந்தே கோட்டையைப் பறித்தார். இருபது பேர்கூட இல்லை என்பது வழிவழியாக வரும் கதை. சில மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். 1567ல் நொபுனாகா முற்றுகையிட்டபோது தோசானின் பேரன் சைதோ தத்சுஓகி படகேறி ஆற்றுவழியே தப்பி ஓடினார். எல்லாவற்றுக்கும் மேலாக 1600.

செகிகஹாரா போருக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு, பழைய நாட்காட்டிப்படி எட்டாம் மாதம் 23ஆம் நாள். கோட்டைத் தலைவர் ஓதா ஹிதெநொபு, நொபுனாகாவின் பேரன், இருபது வயதைத் தாண்டியவுடனான இளைஞன். இயேயாசுவை எதிர்த்த மேற்குப் படையின் பக்கம் நின்றார். உள்ளேயே இருந்து காக்கலாம் என்று மூத்தவர்கள் சொன்னதைக் கேட்காமல், முந்தைய நாள் கிசோ ஆற்றங்கரைக்கே போய் எதிரியைச் சந்தித்தார், தோற்றுத் திரும்பினார். மறுநாள் மிச்சமிருந்த படையை மலையின் கிளை முகடுகளுக்கும் வழிகளுக்கும் பிரித்து நிறுத்தினார். கீழே இயேயாசு பக்கத்துத் தளபதிகள் ஃபுகுஷிமா மசநோரியும் இகேதா தெருமாசாவும் வந்து நின்றார்கள். ஃபுகுஷிமா பிரதான வழியான நனமகரியில் ஏறினார். அசானோ யொஷினாகா பக்கத்து ஸுயிர்யூஜி மலையரணைத் தாக்கினார். இகேதா சுற்றிக்கொண்டு ஆற்றுப்பக்கத் தண்ணீர்வழியில் ஏறினார். அந்த நாள் முடிவதற்குள் ஹிதெநொபு சரணடைந்தார். உயிரை விட்டுவைத்து, புத்த மடங்கள் இருக்கும் கோயா மலைக்கு அனுப்பினார்கள், 1605ல் இறந்துபோனார்.

ஏன் இவ்வளவு எளிதாக விழுந்தது? மேலே போய் நின்றால் விடை காலடியிலேயே இருக்கிறது. உச்சி மிகக் குறுகலானது. பெரும்படை நிற்க இடமே இல்லை. நிற்க இடமில்லாத படையைக் கீழ்முகடுகளில் பிரித்துத்தான் வைக்க வேண்டும், பிரித்தால் ஒவ்வொரு வழியிலும் ஆள் குறையும். ஊற்று இல்லை. மேலே கிணறு என்று காட்டுபவை பாறையைக் குடைந்து மழைநீரைத் தேக்கிய தொட்டிகள். முகட்டுக்கு முகடு நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கு ஓடிவர முடியாது. நடுவில் பள்ளமும் செங்குத்துப் பாறையும். காப்பவர்களுக்கு அரணாகத் தெரிந்த அதே செங்குத்து அவர்களையே துண்டு துண்டாக்கியது.

இகேதா தெருமாசாவுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1585லிருந்து 1590 வரை இந்தக் கோட்டையின் தலைவராக இருந்தவர் அவரே. தன் பழைய வீட்டின் பின்வாசல் எது என்று தெரிந்தவர் ஏறிய வழி அது. போர் முடிந்ததும் அவருக்குக் கிடைத்தது ஹிமேஜி. 1601ல் வேலையைத் தொடங்கி 1609ல் முடித்தார். இன்று உலகமே போய்ப் பார்க்கும் அந்த வெள்ளைக் கோபுரம் நிற்பது தாழ்ந்த குன்றின் மேல், சுற்றிலும் விரிந்த மதிலும் அகழியும் சூழ. அதே 1601ல் இயேயாசு கிஃபுவைச் சமவெளிக்கு இறக்கினார். கிஃபு மலையின் பலவீனத்தை ஏறிப் பார்த்த கண்களோடுதான் ஹிமேஜியைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றொன்று இன்னும் நன்றாகப் புரியும்.

எந்த வழியில் ஏறுவது

நகோயாவிலிருந்து கிஃபுவுக்கு ரயிலில் இருபது நிமிடம். கிஃபு நிலையத்திலிருந்து பேருந்தில் கால்மணி நேரம் போனால் கிஃபு பூங்கா. அங்கிருந்து ரோப்வே நான்கு நிமிடத்துக்குள் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். ரோப்வே 1955ல் வந்தது, கோபுரத்துக்கு ஓராண்டு முன்பே. மேல் நிலையத்திலிருந்து கோபுரத்துக்கு இன்னும் பத்து நிமிடம் சரிவும் படிகளும் உண்டு; சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ போகாது. பலத்த காற்றிலும் பராமரிப்பு நாட்களிலும் ரோப்வே ஓடாது. கோபுரமும் ரோப்வேயும் திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

நடக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்வது: நடந்து ஏறுங்கள், ரோப்வேயில் இறங்குங்கள். இரட்டை வழிச் சீட்டை வாங்கிவிட்டால் மலையை நடந்து பார்க்கும் எண்ணமே வராது. ஏறும் வழிகளில் நான்கு முக்கியமானவை. நனமகரி 1.9 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு மணி நேரம். 'ஏழு வளைவு' என்று பொருள். கோட்டையின் பழைய ராஜபாட்டை இதுதான், ஃபுகுஷிமாவின் ஆட்கள் ஏறியதும் இதில்தான். அகலமானது, சரிவு அளவானது. முதல்முறை வருபவருக்கு இதைத் தவிர வேறு வழியைச் சொல்ல மாட்டேன். ஹியகுமகரி, 'நூறு வளைவு', 1.1 கிலோமீட்டர், குறுக்குவழி, செங்குத்து. மெய்ஸோ நோ கொமிச்சி, 'தியானப் பாதை', 2.3 கிலோமீட்டர், ஆற்றைப் பார்த்தபடி வடபுறமாகச் சுற்றி ஏறும். பழைய தண்ணீர்வழி இந்தப் பக்கம்தான். இகேதாவின் நினைவோடு ஏற விரும்புபவர்களுக்கு உரியது. நான்காவது உமா நோ ஸே, 'குதிரை முதுகு', 1.1 கிலோமீட்டர். முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆகாது என்று எச்சரிக்கைப் பலகையே உண்டு. கையை ஊன்றி ஏற வேண்டிய பாறைகள். ஏறுவதற்கு மட்டும், இறங்கவே கூடாது.

இறங்கும்போதுதான் வழுக்கும், அதற்குக் காரணம் பாறை. கிங்கா மலை முழுக்க செர்ட் என்ற பாறை, சக்கிமுக்கிக் கல்லின் நெருங்கிய உறவு. ஆழ்கடலில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து மேலே தள்ளப்பட்டது. பட்டை பட்டையாக மடங்கிய அடுக்குகளை வழியோரமெல்லாம் பார்க்கலாம். மண்ணாக எளிதில் உதிராததால்தான் மலை இவ்வளவு செங்குத்தாக நிற்கிறது. உடைந்தால் கூர்முனையோடு உடையும். ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்த இடத்தில் கண்ணாடி மாதிரி வழவழக்கும், மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். மழைக்கு மறுநாள் நனமகரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதில்களுக்கும் இதே கல்தான், மலையிலிருந்தே உடைத்து எடுத்தது.

மேல் நிலையத்துக்கு அருகே வரவேற்கும் பெரிய மரவாசல் பிற்காலத்தது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதைத் தாண்டினால் வழியோரத்தில் புரண்டு கிடக்கும் பெருங்கற்கள்தான் முதல் வாசலின் மிச்சம். நிழற்படத்துக்காக அவற்றின் மேல் சாய்ந்து நிற்பவர்களில் பலருக்கு அது தெரியாது. அடுத்து குதிரைத்திடல் என்று பெயர் பெற்ற சமதளம். பிறகு முகட்டையே குறுக்காக வெட்டிய பள்ளம். எதிரி முகட்டின் மேலாகவே ஓடிவர முடியாதபடி செய்தது. அதன்பின் இரண்டாம் வாசல், கீழ்ச் சமையற்கட்டு, கிணறு, மேல் சமையற்கட்டு, கடைசியில் கோபுரம். இரண்டாம் வாசலருகே மதிலை நெருங்கிப் பாருங்கள். பெரிய கற்களின் இடுக்கில் சில்லுக்கற்களை அடைத்திருந்தால் அது நொபுனாகா காலத்துக் கைவேலை என்று அகழாய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கோபுரத்தின் அடிமேடை 1910ல் திரும்ப அடுக்கியது. ஆனால் அதன் ஒரு பகுதியில் நொபுனாகா காலத்து அடுக்கு மிஞ்சியிருப்பதை அண்மை அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. கான்கிரீட்டுக்கு நேர் கீழே அசல் இருக்கிறது. கோபுரத்துக்குள் ஓடுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வந்து அடியைப் பாருங்கள்.

உள்ளே மூன்று தளங்களையும் சீக்கிரம் பார்த்துவிடலாம். நான்காவது தளம் நின்று பார்க்க வேண்டியது. தெற்கே நோபி சமவெளி கடல்வரை விரிகிறது, தெளிந்த நாளில் நகோயாவின் உயர்மாடிகள் தெரியும். மேற்கே இபுகி மலை; அதன் காலடியில் செகிகஹாரா. கீழே வளையும் ஆற்றில் மே 11 முதல் அக்டோபர் 15 வரை நீர்க்காகங்களைக் கொண்டு மீன்பிடிப்பார்கள். கோடையில் இரவிலும் கோபுரத்தைத் திறந்து வைக்கிறார்கள்.

அடிவாரத்தைத் தவறவிட வேண்டாம். ரோப்வேக்குப் பக்கத்திலேயே, பூங்காவுக்குள், நொபுனாகாவின் மாளிகை இருந்த இடத்தை 1984 முதல் தோண்டி வருகிறார்கள். இரு பக்கமும் ராட்சதக் கற்களை நிறுத்திய நுழைவழியும், பாறைச்சுவரையே பின்னணியாக்கிய தோட்டமும், பொன்தகடு போர்த்திய கூரை ஓடுகளும் கிடைத்தன. 1569ல் இங்கே வந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ் இந்த மாளிகையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். மேல்கோட்டைக்கு எளிதில் யாரையும் விடாத நொபுனாகா அவரை மேலே அழைத்து, உணவுத் தட்டைத் தன் கையாலேயே ஏந்திவந்து வைத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆகவே உச்சி போருக்கு மட்டும் ஆனதல்ல. மனைவி மக்களோடு வாழ்ந்து, விருந்தினருக்கு மலையையும் சமவெளியையும் காட்டிய வீடும் அது.

ஆற்றுக்கு அக்கரை

இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் நாகரா ஆற்றைக் கடந்து ஸோஃபுகுஜி கோவிலுக்குப் போங்கள். நொபுனாகா, நொபுததா இருவருக்கும் நினைவிடம் அங்கே உண்டு. நான் போகச் சொல்வது கூரைக்காக. 1600ல் கோட்டையில் இறந்த 38 வீரர்களின் இரத்தம் படிந்த தரைப்பலகைகளை, அவர்கள் ஆன்மா அமைதியடைய, கோவில் தன் கூரைக்கு உட்புறம் பதித்திருக்கிறது. மனிதர் கால் மிதிக்கக் கூடாது என்பதால் தரை கூரையானது. 'இரத்தக் கூரை' என்றே பெயர். மலையுச்சியில் நின்ற மரத்தைக் காண வேண்டுமென்றால், அது இங்கே தலைக்கு மேலே இருக்கிறது. உள்ளே சத்தம் வேண்டாம். அது இன்றும் வழிபாட்டு இடம்.

திரும்பும்போது பேருந்தைப் பிடிக்காமல் நாகரா பாலத்தை நடந்தே கடக்கலாம். பாதி வழியில் நின்று இடப்பக்கம் அண்ணாந்தால் காட்டு மலை, அதன் உச்சியில் நகத்தளவு வெள்ளையாகக் கோபுரம். 1910ல் அங்கே நின்ற கோபுரத்தின் தூணும் உத்தரமும் இந்த இடத்தில் இருந்த பழைய பாலத்திலிருந்து போனவை.